சக்கரவர்த்தி மேலே, சாமி கீழே

போன சனிக்கிழமை, மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் உள்ள பெரிய கடைத்தொகுதியில், ஒன்றும் அறியாத ஓர் இளைஞனை நான் கொஞ்சம் படுத்திவிட்டேன். மனைவிக்குப் பனிச்சப்பாத்து வாங்கப் போயிருந்தோம். ஒரு சோடியைப் போட்டு நடந்து பார்த்து, கழற்றி, இன்னொன்றைப் போட்டு நடந்து பார்க்கும் அந்த நீண்ட சடங்கில் எனக்கு வேலை ஒன்றுமில்லை. வெளியே வந்தால், நடைபாதை நடுவில் பழைய தபால்தலை, பழைய பதக்கம், பழைய காசு என்று சின்னதாக ஒரு கடை விரித்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெல்வெட்டின் மேல், காசுக்கு ஒருவராக ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் வரிசையாகக் கிடந்தார்கள். எல்லார் தலையிலும் இலைமாலை. எல்லார் மூக்கும் ஒரே பக்கம். நான் குனிந்து பார்ப்பதைக் கண்ட இளைஞன் மூடியைத் திறந்தான். பழஞ்செம்பு மணம் வந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

எல்லாவற்றையும் மற்றப் பக்கம் திருப்பிக் காட்ட முடியுமா என்று பிரெஞ்சில் கேட்டேன். எதை என்றான். எல்லாவற்றையும் என்றேன். சக்கரவர்த்தியின் தலை உள்ள பக்கம்தான் முகப்பக்கம், எங்கும் அப்படித்தான் வைப்பார்கள் என்று அவன் மரியாதையாக விளக்கினான். தெரியும், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். பாவம், ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினான். ஒரு வரிசை முடிவதற்குள் மனைவி பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"இஞ்சருங்கோ, உதுகளை வாங்கப் போறியளோ?"

"இல்லை."

"பேந்து ஏன் அந்தப் பிள்ளைக்குக் கரைச்சல் குடுக்கிறியள்?"

கடைத்தொகுதியின் நடுவில் நின்று சொல்லக்கூடிய கதை அல்ல அது. நீங்கள் சிநேகிதர், உங்களுக்குச் சொல்லலாம். கேட்டுவிட்டு மனைவியின் பக்கம் சாயமாட்டீர்கள் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் இருக்கிறது.

மொன்றியலுக்கு வந்த புதிதில் நான் பார்த்த வேலை பழைய காசு கழுவுவது. எங்கள் ஆட்கள் உணவகங்களில் கோப்பை கழுவிய காலம் அது. நான் காசு கழுவினேன். வீட்டுக்குத் தொலைபேசியில் 'காசோடு சம்பந்தப்பட்ட வேலை' என்று சொன்னேன். அம்மா அதை வங்கி உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதன் பலனாக எனக்கு இரண்டொரு நல்ல சம்பந்தம்கூட வந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம், மனைவி இதைப் படிக்கக்கூடும்.

கடை என்றால் தெருவைப் பார்த்த கடை அல்ல. நெடுஞ்சாலைக்கு அருகில், ஒரு கம்பளக் கிடங்கின் பின்புறம், படியிறங்கிப் போகவேண்டிய நிலவறை. சுவரோரம் ஓடும் வெப்பக் குழாய் பனிக்காலம் முழுவதும் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே ஈரமண் மணம், செம்பு மணம், அதற்கு மேல் முதலாளியின் கோப்பி மணம். முதலாளியின் பெயர் லோரான். கியூபெக்காரர், பெரிய உடம்பு, கோடையிலும் கம்பளி மேற்சட்டை. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளை அவர் ஒன்றுவிட்ட சித்தப்பாமாரைப் போலப் பேசுவார். இவன் பாவம் சின்னப் பொடியன், அரண்மனைக் காவலாளிகளே கொன்றுவிட்டார்கள் என்பார். இவன் பெரிய குடிகாரன் என்பார். ஒருநாள் ஒரு சக்கரவர்த்தியின் மூக்கை நான் பல் குத்தும் குச்சியால் கொஞ்சம் பலமாகச் சுரண்டிவிட்டேன் என்று அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

காசு ஐரோப்பாவிலிருந்து சாக்கில் வரும். வயலில் கிண்டி எடுத்தபடியே, மண்ணும் பச்சையுமாக, எது காசு எது கல் என்று தெரியாமல் வரும். அதை ஐஸ்கிரீம் பெட்டிகளில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி ஊறப் போடுவோம். வாரக்கணக்கில் ஊறும். பிறகு பல் துலக்கும் தூரிகை, பிறகு குச்சி, பிறகு பொறுமை. செம்பின் மேல் பச்சையாகப் படிந்திருக்கும் தோலில் கீறல் விழக்கூடாது. அந்தத் தோல் போனால் காசு செத்துப்போகும் என்பார் லோரான். காய்ந்த காசுகளை வெல்வெட் தட்டில் அடுக்கி வைக்கவேண்டும். திங்கட்கிழமை படக்காரர் வந்து தட்டோடு படம் எடுப்பார். அதை வைத்து லோரான் ஒரு விலைப்பட்டியல் புத்தகம் அச்சடித்து, காசு சேர்க்கும் பைத்தியங்களுக்குத் தபாலில் அனுப்புவார்.

பரமேஸ் அக்கா எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர். பிரெஞ்சு வகுப்பில் எனக்கு முன் வாங்கில் இருந்தார். அங்கே பழகி, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய கணவரும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டுமென்றால், அக்கா ஓரிடத்தில் நிலையாக வேலை செய்வதைக் காட்டவேண்டும். வேலை போனால் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். இதை அக்கா யாரைக் கண்டாலும் முதலில் சொல்வார். தன் பெயரைப் பிறகுதான் சொல்வார்.

வந்த முதல் வாரத்திலேயே அக்கா சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு உருண்டை பழப்புளி கொண்டுவந்தார். குத்துவிளக்குத் துலக்குகிற கைக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் ஒரு காசு புளி பூசி, தேய்த்து, கழுவி, புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட தோல் புளித்தண்ணியோடு போய்விட்டது. லோரான் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "என்னவாம் தம்பி, வடிவா இருக்காமோ?" என்று அக்கா கேட்டார். ஓம் அக்கா, ஆனால் இனிமேல் இவ்வளவு வடிவு வேண்டாமாம் என்று மொழிபெயர்த்தேன். அந்த நிலவறையில் என்னுடைய உண்மையான உத்தியோகம் இதுதான். லோரான் சூடாகச் சொல்வதை நான் ஆற்றிக் கொடுப்பேன். அக்கா சொல்வதையும் அப்படியே.

புளி விஷயம் அதோடு முடிந்தது. சாமி விஷயம் முடியவில்லை. ரோமாபுரிக் காசில் ஒரு பக்கம் சக்கரவர்த்தி என்றால், மறுபக்கம் பெரும்பாலும் ஒரு தெய்வம். அக்கா அவர்களை ஒவ்வொருவராக இனங்கண்டார். தலைக்கவசத்தோடு வேல் பிடித்து நின்றவர் முருகன். அவர் மார்ஸ் என்று ரோமாபுரியின் யுத்தக் கடவுள் என்றேன்.

"பேர் என்னவெண்டாலும் இருக்கட்டும். வேல் எண்டால் வேல்தான்."

இரண்டு நாள் கழித்து மயிலும் வந்துவிட்டது. அது ஜூனோ என்ற தேவியின் பறவை, இறந்துபோன மகாராணியைச் சொர்க்கத்துக்குக் கொண்டுபோகிறது என்று லோரான் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆந்தையோடு ஒரு அம்மன் வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அது அவவின்ர வீட்டுப் பிரச்சினை" என்று அந்த அம்மனையும் சேர்த்துக்கொண்டார். இந்த மாதிரிக் காசோடு யவனர்கள் எங்கள் கரைப்பக்கமும் வந்தவர்களாம் அக்கா என்று நான் படித்ததைச் சொன்னேன். "வந்தவன் எல்லாம் காசோடையோ வந்தவன்" என்றார்.

அவருடைய தட்டுகளில் தெய்வங்கள் மேலே பார்த்துக் கிடந்தன, சக்கரவர்த்திகள் வெல்வெட்டில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். நான் ஆரம்பத்தில் அதைக் கவனித்து, சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடுவேன். ஒரு கிழமை முழுக்கக் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்தக் கிழமை பார்த்துப் படக்காரர், வழக்கம்போல், மேலே தெரிந்த பக்கத்தை எல்லாம் சக்கரவர்த்திப் பக்கம் என்று நம்பிப் படம் எடுத்துவிட்டார். விலைப்பட்டியல் வெளிவந்தபோது, மகாராணியின் தலை இருக்கவேண்டிய இடத்தில் மயில் இருந்தது. கீழே அவருடைய பெயர், பட்டம், எல்லாம். தொலைபேசி ஓயவில்லை. நாற்பது வருடமாகக் காசு சேர்ப்பதாகச் சொன்ன ஒருவர், தன் தகப்பனை யாரோ ஏசிவிட்டது போலக் கத்தினாராம்.

"பாத்தீரே தம்பி, ராசா வீட்டுக் கோழிமுட்டை அம்மியையும் உடைக்குமெண்டு சும்மாவோ சொன்னவை. செத்தும் அவன்ர முட்டை உடைக்குது" என்றார் அக்கா. கொஞ்சமும் பயம் இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் லோரான் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து தலை மேலே. முடியாது என்றால் மதாம் பரமேஸ் வரவேண்டாம், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். இதை ஆற்றிக் கொடுக்க வழியில்லை. அப்படியே சொன்னேன்.

அக்கா தூரிகையைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்தார்.

"அவருக்குச் சொல்லும் தம்பி. வேலை எனக்கு வேணும். எவ்வளவு வேணுமெண்டு உமக்குத் தெரியும். ஆனா நான் ஒருத்தரையும் குப்புறக் கிடத்தமாட்டன்."

"சாமியை எண்டு சொல்லட்டோ அக்கா?"

"சாமியை மட்டுமில்லை. எங்கட ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலை ஆம்பிளையள் எல்லாரையும் ஆமிக்காரன் குப்புறக் கிடத்தினவன். விடியத் துவங்கின சுத்திவளைப்பு. என்ர மனுசன் பின்னேரம் வரைக்கும் மண்ணுக்கை முகத்தை வைச்சுக்கொண்டு கிடந்தவர். பொம்பிளையள் நாங்கள் வேலிக்கு இஞ்சாலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். எழும்பச் சொல்லேக்கை என்ர மனுசன் எழும்பினார். என்ர அண்ணை எழும்பேல்லை. இதைச் சொல்லும். ஒண்டும் விடாமச் சொல்லும்."

எனக்கு அது அதுவரை தெரியாது. அத்தனை நாள் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறோம். புளியைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். முருகனையும் மயிலையும் சொல்லி நான் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறேன். அப்போது வந்த கோபம் யார் மேல் என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்ல வராது. என்னுடைய பிரெஞ்சு வகுப்புப் பிரெஞ்சு பள்ளிக்கூடம் வரைக்கும் போனது, மைதானம் வரைக்கும் போனது, இராணுவம் வரைக்கும் போனது. குப்புற என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. ஆகவே இரண்டு கையையும் பிடரியில் கட்டிக்கொண்டு, என் முகத்தை அந்த ஈர மேசையில் வைத்துக் காட்டினேன். மூக்கு நசுங்கியது. செம்புத் தண்ணீர் உதட்டில் பட்டது. நிமிர்ந்து பார்த்தபோது லோரான் வெப்பக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மனம் இளகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மன்னிக்கவேண்டும், கேட்கக் கவலையாக இருக்கிறது என்றார். பிறகு, ஆனால் படக்காரர் திங்கள் காலையில் வருவார், தலை மேலேதான் இருக்கவேண்டும், உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

பஸ் தரிப்பிடத்தில் அக்காவிடம் கெஞ்சினேன். நான் திருப்பி வைக்கிறேன், நீங்கள் பார்க்கவே வேண்டாம், மகளை நினைத்துப் பாருங்கோ என்றேன். அக்கா கழுத்துச் சால்வையை இறுக்கிக் கட்டினார். "பிள்ளையை நினைச்சுத்தான் சொல்லுறன். அவளும் அந்த வேலியடியிலை நிண்டவள்" என்றார். பஸ் வந்தது. ஏறினோம்.

திங்கட்கிழமை நான் போகும்போது அக்கா எனக்கு முன்னரே வந்திருந்தார். மேசையில் வெல்வெட் தட்டைக் காணவில்லை. அதன் இடத்தில் பலகை போல ஒரு நீளமான பஞ்சுமெத்தைத் துண்டு. மகள் வந்தால் படுக்கவென்று வாங்கி வைத்திருந்த மெத்தையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "மெத்தை பெரிசு, பிள்ளை சின்னன்" என்றார். மீன் வெட்டுகிற கத்தியால் அதில் வரிவரியாகக் கீறியிருந்தார். ஒவ்வொரு கீறலிலும் ஒரு காசின் விளிம்பைச் செருகியிருந்தார். காசு ஒன்றும் கிடக்கவில்லை. அத்தனையும் நின்றன. சக்கரவர்த்தியும் நின்றார், சாமியும் நின்றது.

"எல்லாரும் எழும்பி நிக்கட்டும்" என்றார் அக்கா.

லோரான் கோப்பிக் கோப்பையோடு இறங்கி வந்து அதைப் பார்த்தார். மேலிருந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். மேலங்கியைக் கழற்றாமலே நின்றார். கடைசியில், இதில் முகப்பக்கம் எது என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அவர் எந்தப் பக்கம் நிக்கிறாரோ அந்தப் பக்கம் எண்டு சொல்லும்."

அதையும் ஆற்றாமல்தான் சொன்னேன். லோரான் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அங்கே எல்லாச் சக்கரவர்த்திகளும் அவரைப் பார்த்து நின்றார்கள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே இருந்துவிட்டார். எங்கள் பக்கம் வேலும் மயிலும் ஆந்தையும். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு இந்தப் பக்கம். படக்காரருக்குத்தான் எரிச்சல், காசை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தானே கிடத்தவேண்டி வந்தது. அது அவர் பாடு. வேலை போகவில்லை.

ஒரு விதக் காசு மிச்சமிருந்தது. சாக்கில் அதுதான் அதிகம் வரும், மலிவான சின்னச் செம்புக் காசு. ஒரு பக்கம் சக்கரவர்த்தி. மறுபக்கம் சாமி இல்லை. ஒரு ரோமாபுரிச் சிப்பாய் நிமிர்ந்து நின்று, குதிரையிலிருந்து விழுந்த ஒருவனை ஈட்டியால் குத்துகிறான். விழுந்தவன் ஒரு கையைத் தூக்குகிறான். அந்தக் காசுகளை அக்கா தொடங்கிய நாளிலிருந்தே தனியாக ஒரு பெட்டியில் போட்டு ஊறவிட்டிருந்தார். லோரான் கேட்டால் இன்னும் மண் கரையவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மெத்தைத் துண்டு வந்த பிறகு அக்கா அந்தப் பெட்டியைத் திறந்தார். கழுவினார். கீறலில் செருகும்போது ஒவ்வொன்றையும் கால்வட்டம், வட்டத்தில் நாலில் ஒரு பங்கு, திருப்பிச் செருகினார். அப்படித் திருப்பினால் விழுந்தவன் எழும்பி நிற்பான். ஈட்டிக்காரன் மல்லாந்துவிடுவான்.

லோரான் போகிற வருகிற நேரத்தில் அவற்றை நேராக்கிவிட்டுப் போவார். அவர் படியேறியதும் அக்கா திரும்பவும் சரிப்பார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. பனிக்காலம் வந்து போய், பிறகும் வந்து போய், அவர் நேராக்கினார், இவர் சரித்தார்.

கணவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகள் வெட்டுப்பட்ட மெத்தையில்தான் படுத்தாள். கணவர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் பனி கொட்டுகிறது என்று அக்காவைக் கூட்டிப்போக நிலவறைக்கு வந்தார். அக்கா மேலங்கி போடும்வரை மேசையருகில் நின்று, சரித்துச் செருகிய அந்தக் காசுகளைப் பார்த்தார். அவற்றைப் பார்க்கிற எல்லாரும், படம் விளங்குவதற்காகத் தலையைத் தோள்பக்கம் சரிப்பார்கள். நான் சரிப்பேன், படக்காரர் சரிப்பார், தபால்காரர்கூடச் சரிப்பார். அக்காவின் கணவர் சரிக்கவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னப்பா இது?" என்று கேட்டார். "காசு. வாங்கோ போவம்" என்றார் அக்கா.

இன்றைக்கு அந்த நிலவறை இல்லை. கம்பளக் கிடங்கை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். லோரான் காலமாகிவிட்டார். விலைப்பட்டியல் புத்தகம் நின்றுபோய்விட்டது. சாக்கில் வந்த மண்ணையும், வாரக்கணக்கில் ஊறிய காலத்தையும், அந்த மெத்தைத் துண்டையும் யார் எந்தக் குப்பையில் போட்டார்கள் என்று தெரியவில்லை. அக்கா கர்க்லாண்டில் மகள் வீட்டில் இருக்கிறார். கேட்டால், "உதையெல்லாம் ஏன் இப்ப கிளறுறீர்" என்பார். இப்போது எல்லாக் காசும் தொலைபேசித் திரையில் ஏலம் போகிறது. அந்தச் சின்னச் செம்புக் காசும் ஆயிரக்கணக்கில் வருகிறது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ஈட்டிக்காரன் நிமிர்ந்து நிற்கிறான், மற்றவன் விழுந்து கிடக்கிறான். நான் தொலைபேசியைக் கால்வட்டம் திருப்பிப் பார்த்தேன். படமும் கூடவே திரும்பி, சிப்பாயைத் திரும்பவும் நிமிர்த்திவிட்டது. இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம், அவனை விழவிடுகிறதே இல்லை. திரை அப்படித் தானாகத் திரும்பாமல் பூட்டி வைக்கலாம் என்று என் மகன் காட்டித் தந்தான். பூட்டிவிட்டு, தொலைபேசியைச் சரித்தே பிடிக்கிறேன், விழுந்தவன் எழும்பி நிற்கிறான். அதனால் மற்றப் படமெல்லாம் எனக்குப் பக்கவாட்டில்தான் தெரிகிறது, தெரியட்டும்.